கையெழுத்துப் போட முதல்: மரபணு மாற்றிய மரங்கள் பற்றி



போன மாதம் எங்கட குழுவுக்கு ஒரு கூட்டறிக்கை வந்தது. மரபணு மாற்றிய மரங்களைக் காடுகளிலும் தோட்டங்களிலும் நடுவதை உலகம் முழுக்கத் தடை செய்ய வேணும் எண்டு கேட்கிற அறிக்கை. அதில கையெழுத்துப் போடுறமா இல்லையா எண்டு மூன்று கிழமையாக் கதைச்சுக்கொண்டு இருக்கிறம். இதில கதைக்க என்ன இருக்கு, போட்டிட்டு அடுத்த வேலையைப் பாப்பம் எண்டு சிலர் சொல்லினம். வேற சிலர், எங்களை விஞ்ஞானத்துக்கு எதிரான ஆக்கள் எண்டு முத்திரை குத்தப் போகினம், பேசாமல் விடுவம் எண்டினம். இந்தத் தலையங்கத்தை என்ர தலையில கட்டினதுக்கு ஒரு காரணம் இருக்கு. குழுவில இந்த வேலையைக் கையால செய்யிறவள் நான் ஒராள் தான். ஒரு இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தில பொப்ளார் மரங்களோட இது எனக்கு ரெண்டாவது வருசம்.

என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுறன். கையெழுத்துப் போட வேணும். ஆனா அந்த அறிக்கையின்ர முதல் பந்தியில காடுகளின் தூய்மை பற்றியும் இயற்கையின் புனித ஒழுங்கு பற்றியும் ரெண்டு வசனம் வருகுது. அவற்றை எடுக்கச் சொல்லிக் கேட்டிட்டுத்தான் போட வேணும். இது சொல்லுக்கான சண்டை எண்டு நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ.

முதலில இது எப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன். பொப்ளார் இலையைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, அக்ரோபக்ரீரியம் எண்ட மண் பற்றீரியாக் கரைசலில தோய்ச்சு எடுப்பம். காயம்பட்ட தண்டுக்குள்ள தன்ர டி.என்.ஏ.யில ஒரு துண்டைச் செருகி, மரத்தில கட்டி வளரச் செய்யிறது இந்தப் பற்றீரியாவின்ர இயல்பான தொழில். அந்தக் கட்டியை உண்டாக்குகிற பகுதியை வெட்டி எடுத்திட்டு, அந்த இடத்தில எங்களுக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறம். கூடவே ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்குகிற மரபணுவையும். ரெண்டு நாள் இருட்டில வைச்சிட்டு, அந்த நுண்ணுயிர்க்கொல்லி கலந்த ஊடகத்துக்கு மாத்தினால், மரபணு ஏறாத கலங்கள் வெளுத்துச் சாகும். ஏறினவை பிழைச்சு, வெள்ளையும் பச்சையுமா ஒரு உருண்டை மாதிரி வீங்கும். ஹோர்மோன் அளவை மாத்தினால் அதிலயிருந்து குருத்து வரும், பிறகு வேர் வரும். தனிக் கலங்களிலிருந்து முழுத் தாவரத்தையே மீள வளர்க்கலாம் என்பதை 1958இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரூவேட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் கரட்டில் காட்டினார்கள். மரபணு மாற்றிய முதல் மரம் 1987இல் வந்தது, அதுவும் பொப்ளார் தான். எத்தனை தரம் பார்த்தாலும், கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள அந்த முதல் குருத்து தலை தூக்கிற நாள் எனக்குச் சந்தோசமா இருக்கும். அதை ஏன் மறைப்பான்?

இதில ஒரு விசயத்தை மனசில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும். இந்த முறையில மரபணு எங்க போய் விழும் எண்டதை நாங்கள் தீர்மானிக்கிறேல்லை. ஒரு கலத்தில அது ஒண்டும் செய்யாத வெறும் இடத்தில விழும். இன்னொண்டில மரத்தின்ர சொந்த மரபணு ஒண்டுக்கு நடுவில விழுந்து அதைக் குழப்பும். அதால பிழைச்சு வந்த ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு இலக்கம் குடுத்துத் தனித்தனியா வளர்ப்பம். உள்ளுக்குப் போன மரபணு ஒண்டா இருந்தாலும், ரெண்டு இலக்கம் எண்டால் ரெண்டு வேற மரம்.

சட்டம் இதை எப்பிடிப் பார்க்குது எண்டது ஒரு பகிடி. அமெரிக்காவில் விவசாயத் திணைக்களம் இவற்றைத் தாவரப் பீடைகளுக்கான சட்டத்தின் கீழ்தான் கையாளுகிறது. அக்ரோபக்ரீரியம் ஒரு பீடை எண்டபடியால், அதைப் பாவிச்சுச் செய்த மரம் அனுமதி எடுக்க வேணும். மரபணுவை நுண்ணிய உலோகத் துணிக்கையில பூசி, துவக்கால சுடுற மாதிரிக் கலத்துக்குள்ள சுட்டால் பீடை இல்லை. அதால கன காலம் அந்த வழி திறந்து கிடந்தது. லிவிங் கார்பன் எண்ட சான் பிரான்சிஸ்கோக் கம்பனி அந்த வழியால வந்து, 2023 பெப்ரவரியில் ஜோர்ஜியா மாநிலத்தில் மரபணு மாற்றிய பொப்ளார்களை நட்டது. கூடின வேகத்தில வளர்ந்து கூடுதலாக் காபனைப் பிடிக்கும் எண்டு சொல்லி, அந்தக் காபனைக் கடனாக விற்கிறது தான் அவையின்ர வியாபாரம். மரம் மாறேல்லை, கருவி மட்டும் மாறினது, சட்டம் கண்ணை மூடிக்கொண்டது.

இனி, இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவான ஆகச் சிறந்த வாதத்தைப் பார்ப்பம். எதிராளியின்ர நல்ல வாதத்தைக் கேளாமல் கையெழுத்துப் போடுறது எனக்குப் பிடிக்காது. அந்த வாதத்தின்ர பேர் அமெரிக்கச் செஸ்நட்.

ஒரு காலத்தில் மேய்ன் மாநிலத்திலிருந்து தெற்கே அப்பலாச்சிய மலைத்தொடர் முழுக்க, இங்கே ஒன்ராறியோவின் தெற்கிலும், இந்த மரம் நின்றது. மலையிலே இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அதின்ர கொட்டை தான் சாப்பாடு, பன்றிக்குத் தீனி, பனிக்காலத்துக்கு முதல் பட்டணத்துக்கு வித்துச் சப்பாத்து வாங்கிற காசு. பலகை உழுக்காது எண்டபடியால் வேலியும் அது, தொட்டிலும் அது, சவப்பெட்டியும் அது. 1904இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச் சாலையில் நின்ற செஸ்நட் மரங்களில் ஒரு பங்கசு நோய் காணப்பட்டது. நாற்று வியாபாரத்துக்காக ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செஸ்நட் கன்றுகளோடு வந்த பங்கசு அது. ஐம்பது வருசத்துக்குள்ள 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்துப்போச்சு. விசித்திரம் என்னெண்டால், வேர் சாகிறேல்லை. இண்டைக்கும் அடிக்கட்டையிலயிருந்து தளிர் வரும், பத்துப் பதினைஞ்சு அடி வளரும், காய்க்கிற வயசு வர முதல் பங்கசு திரும்பப் பிடிச்சுக் கொல்லும்.

நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிரக்யூஸ் வளாகத்தில் உள்ள சுற்றாடல், காட்டியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்ள்ஸ் மேனார்ட் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் இதுக்காகத் தங்கட தொழில் வாழ்க்கையையே குடுத்தார்கள். பங்கசு ஒக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து தான் மரப்பட்டையைக் கொல்லுது. அந்த அமிலத்தை உடைக்கிற ஒரு நொதியம் கோதுமையில் இருக்கு. அந்தக் கோதுமை மரபணுவைச் செஸ்நட்டுக்குள்ள வைச்சால், பங்கசு சாகாது, மரமும் சாகாது, ரெண்டும் சேர்ந்து வாழலாம். எனக்கு இது அழகான யோசனை. காப்புரிமை எடுத்துக் காசு பார்க்கிற நோக்கம் இல்லை, மரத்தைச் சனத்துக்குச் சும்மா குடுக்கிறது தான் எண்ணம் எண்டு சொன்னார்கள். அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை எண்ட தொண்டு அமைப்பு, 1983இல் தொடங்கினது, அவர்களோட நின்றது. டார்லிங் 58 எண்ட இலக்கம் கொண்ட மரத்தைக் கட்டுப்பாடு இல்லாமல் காட்டில் நட அனுமதி கேட்டு 2020இல் அரசாங்கத்திடம் மனுக் குடுத்தார்கள். அனுமதி கிடைச்சிருந்தால், காட்டில் தன்பாட்டில பெருகுவதற்கெண்டே விடப்பட்ட முதல் மரபணு மாற்றிய காட்டு மரமா இருந்திருக்கும்.

2023 டிசம்பரில் அந்த அறக்கட்டளை திடீரெண்டு ஆதரவை விலக்கிக்கொண்டது. வருசக்கணக்கா டார்லிங் 58 எண்டு நம்பி வளர்த்து, பரிசோதிச்சு, வேற இடங்களுக்கும் அனுப்பின மரங்கள் உண்மையில டார்லிங் 54. அந்த மரத்தில கோதுமை மரபணு மரத்தின்ர சொந்த மரபணு ஒண்டுக்குள்ள விழுந்திருந்தது. வயலில சில மரங்கள் வளர்த்தி குறைவு, நோயெதிர்ப்பும் ஒரே மாதிரி இல்லை எண்டு அறக்கட்டளை சொன்னது. பல்கலைக்கழகம் அதை ஏற்கேல்லை, 54ஐ வைச்சுக்கொண்டே மனுவைத் தொடருது. பவல் அதுக்கு ஒரு மாதம் முதல், நவம்பரில் காலமாகியிருந்தார். இதுக்கிடையில, சும்மா குடுக்கிறம் எண்டு தொடங்கின மரத்துக்கு அமெரிக்கன் கஸ்ரானியா எண்ட இலாப நோக்குள்ள கம்பனியோட ஒப்பந்தமும் வந்திட்டுது.

ஆய்வுகூடத்தில சீட்டு மாறுறதை நான் பெரிய பாவமாச் சொல்ல வரேல்லை. அப்பிடி நடக்கும். என்னை உறுத்துகிறது வேற. நல்ல மனம் உள்ள விஞ்ஞானிகள், பொதுப் பல்கலைக்கழகம், உலகத்தின்ர கண் முழுக்க அவையில, மூன்று அரச நிறுவனங்களின்ர மேற்பார்வை. அப்பிடி இருந்தும் எந்த மரத்தைக் கையில வைச்சிருக்கிறம் எண்டதே கன காலம் தெரியேல்லை. நெல்லு எண்டால் அடுத்த போகத்தில திருத்தலாம். இது நூற்றுக்கணக்கான வருசம் நிக்கிற மரம், காற்றும் வண்டும் மகரந்தத்தைக் கொண்டுபோகும், அணில் கொட்டையைக் கொண்டுபோய்த் தாட்டு வைக்கும். அனுமதிக் கடிதத்தைத் திரும்ப வாங்கலாம், அணிலிட்ட இருந்து கொட்டையைத் திரும்ப வாங்க ஏலாது.

மற்றது, அந்தக் கல்லூரி நிக்கிறது ஒனொண்டாகா மக்களின்ர நிலத்தில. காட்டில எதை விடலாம் எண்டு அவையின்ர சம்மதத்தைக் கேட்கிறது சட்டப்படி யாருக்கும் கட்டாயமில்லை. 60 நாளுக்குள்ள கருத்தை எழுதி அனுப்புங்கோ எண்டு எல்லாருக்கும் திறந்த ஒரு பெட்டி, அவ்வளவு தான். பூர்வீக மக்களுக்குள்ளேயும் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. ஆனா வேண்டாம் எண்டு சொல்லுற உரிமை இல்லாத இடத்தில சம்மதத்துக்கும் பொருள் இல்லை. காலனித்துவத்தைப் பற்றிக் கதைக்கிற நாங்கள் இதை ஒரு அடிக்குறிப்பா விடக்கூடாது.

செஸ்நட் ஆராய்ச்சியைச் சுத்தி நிண்ட ஆக்களையும் பாருங்கோ. 2009இல் தொடங்கின காட்டு நலன் திட்டம் ஒண்டுக்குக் காசு போட்டவர்களில் ட்யூக் எனர்ஜி எண்ட நிலக்கரி மின்சாரக் கம்பனியும் இருந்தது. நிலக்கரிக்காக மலையின்ர தலையை வெட்டினவைக்கு, அந்த மொட்டை மலையில நட ஒரு அழகான மரம் தேவை. விமர்சகர்கள் செஸ்நட்டைச் சோதனை ஓட்டம் எண்டு சொல்லுறதும் அதால தான். சனம் விரும்புகிற ஒரு மரத்தால கதவைத் திறந்தால், பின்னால வருகிற மரங்களுக்குக் கதவு திறந்தே கிடக்கும். அந்தப் பின்னால வருகிற மரம் எது? பிரேசிலுக்குப் போவம், அங்க அது ஏற்கெனவே வந்திட்டுது.

யூக்கலிப்ரஸ் கூழ் உற்பத்தியில் உலகத்திலேயே பெரிய கம்பனி பிரேசிலின் சுசானோ. நாங்கள் கை துடைக்கிற தாளும் ரொய்லெற் தாளும் பெட்டி மட்டையும் இப்பிடியான கூழிலயிருந்து தான் வருகுது. ஃபியூச்சராஜீன் எண்ட மரபணுக் கம்பனியை 2010இல் சுசானோ வாங்கினது. அவர்கள் செய்த மரத்தில அராபிடொப்சிஸ் எண்ட சின்னச் செடியின்ர மரபணு ஒண்டு இருக்கு, அது கலச்சுவரை இளக்கி மரத்தைக் கெதியாப் பெருக்க வைக்கும். விளைச்சல் 20 சதவீதம் கூடும், 7 வருசத்தில வெட்டுற மரத்தை ஐந்தரை வருசத்தில வெட்டலாம் எண்டு கம்பனி சொன்னது. ஒரு நோயையும் இது தீர்க்கேல்லை, செத்த மரம் ஒண்டையும் திருப்பிக் கொண்டுவரேல்லை. ஒன்றரை வருசத்தை மிச்சம் பிடிக்க ஒரு மரபணு.

2015 மார்ச் 5. உழைக்கும் பெண்கள் தினத்தை ஒட்டி, நிலமற்ற தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் சாவோ பாவுலோ மாநிலத்தின் இற்றாபெற்றினிங்காவில் இருந்த அந்தக் கம்பனியின்ர வளாகத்துக்குள்ள போய், மரபணு மாற்றிய யூக்கலிப்ரஸ் கன்றுகளைப் பிடுங்கி எறிஞ்சார்கள். அதே நாள் தலைநகர் பிரசீலியாவில் இந்த மரத்துக்கு அனுமதி குடுக்கக் கூடியிருந்த உயிரியல் பாதுகாப்பு ஆணைக்குழுவின்ர கூட்டத்துக்குள்ள விவசாயிகள் நுழைஞ்சு அதை நிப்பாட்டினார்கள். அண்டைக்கு மட்டும் தான் நிண்டது. ஏப்ரல் 9 அனுமதி குடுத்தாச்சு. 2021 நவம்பரில், கிளைபோசேற் களைகொல்லியைத் தாங்குகிற யூக்கலிப்ரஸுக்கும் அனுமதி குடுத்தார்கள். உலக சுகாதார அமைப்பின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல், மனிதருக்குப் புற்றுநோய் வருத்தக்கூடியதாயிருக்கும் எண்ட வகையில சேர்த்த இரசாயனம் அது. மரத்துக்கு ஒண்டும் ஆகாது எண்டால் தாராளமா அடிக்கலாம். முதுகில தாங்கியைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவருக்கும், பக்கத்துக் காணியில மரவள்ளி போட்டிருக்கிறவைக்கும், அந்தப் பூவில தேன் எடுக்கிறவைக்கும் எந்த மரபணுவும் குடுக்கேல்லை. பிரேசிலின் தேனில பெரும் பங்கு யூக்கலிப்ரஸ் பூவிலயிருந்து வருகிறது எண்டதையும், மரபணு மாற்றிய மகரந்தம் கலந்தால் அதை இயற்கைத் தேன் எண்டு விக்க ஏலாது எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ.

அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு கோபமா இருந்தவை? அதுக்கு மரபணுவுக்கு முந்தின கதை வேணும். எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில், இராணுவ ஆட்சிக் காலத்தில், துபினிக்கிம், குவாரனிப் பழங்குடிகளின்ர நிலத்திலும், அடிமைத்தளையிலிருந்து தப்பினவர்களின் வழிவந்த கிலொம்போலாக் கிராமங்களின்ர நிலத்திலும் அரக்ருஸ் எண்ட கம்பனி யூக்கலிப்ரஸ் நட்டது. ஆறுகள் வத்தினது. குருவி இல்லை, கிழங்கு இல்லை, விறகு பொறுக்கப் போனால் களவு எண்டு பிடிச்சார்கள். அங்கத்தைச் சனம் அதைப் பச்சைப் பாலைவனம் எண்டு கூப்பிடுது. 2006 மார்ச் 8, தெற்கில், பெண்கள் இதே அரக்ருஸின்ர நாற்றுப்பண்ணைக்குள்ள போய்க் கன்றுகளை அழிச்சவை. அந்தக் கன்றுகள் மரபணு மாற்றினவை எண்டதுக்காக இல்லை, அந்தத் தோட்டங்களே வேண்டாம் எண்டதுக்காக. பழங்குடிகள் விடாமல் நிண்டு 2007இல் ஏறத்தாழ 11,000 ஹெக்டேரைத் தங்கட நிலம் எண்டு அரசாங்கத்தை ஏற்க வைச்சார்கள். அரக்ருஸ் பிறகு ஃபிப்ரியா ஆகி, 2019இல் சுசானோவோட சேர்ந்திட்டுது. அதாவது, நிலத்தைப் பிடிச்ச கையும் மரபணுவை வைச்சிருக்கிற கையும் இப்ப ஒரே கை.

பிரேசில் தூரம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு, தமிழில செய்தி வாசிச்சாலே இது தட்டுப்படும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிகள் வருசக்கணக்காத் தைல மரக் காடுகளுக்கு எதிராப் போராடுகினம். தைல மரம் எண்டது இதே யூக்கலிப்ரஸ் தான். 1974இல் தொடங்கின அரசின் வனத்தோட்டக் கழகம் அங்க பெரும் பரப்பில இதை வளர்த்து, காகித ஆலைக்கு விக்குது. தோட்டத்துக்குள்ள மழைத்தண்ணியை மறிச்சுக் கட்டின வரப்புகளால கண்மாய்க்குத் தண்ணி வாறேல்லை எண்டது விவசாயிகளின்ர முறைப்பாடு. ஆலைகள் குளோன் கன்றுகளையும் விவசாயிகளுக்குக் குடுக்கினம்: ஒரு நல்ல மரத்தின்ர கிளையை வெட்டி வேர்பிடிக்க வைச்சு, ஒரே மரத்தை இலட்சம் தரம் நடுறது. இதில மரபணு மாற்றம் எண்டு ஒரு துளி கூட இல்லை. கண்மாய் அப்பவும் வறண்டு தான் கிடக்குது.

இந்த இடத்தில தான் அறிக்கையின்ர முதல் பந்தி எனக்கு இடிக்குது. தூய்மை தான் எங்கட வாதம் எண்டால், புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்ல எங்களிட்ட ஒண்டும் இல்லாமல் போகும். அந்த மரங்கள் மரபணு அளவில தூய மரங்கள். நாளைக்கு சுசானோ அதே நிலத்தில மரபணு மாற்றாத குளோனை நட்டால், அறிக்கை வென்றது எண்டு கை தட்டிப் போட்டு வீட்ட போறதா?

இன்னொரு காரணமும் இருக்கு, அது எங்களுக்கே உரியது. சுற்றாடல் பக்கங்களில, எங்கட தமிழ்ப் பக்கங்களிலும் தான், வந்தேறி மரம், அந்நிய விதை, மண்ணுக்குச் சொந்தமில்லாதது எண்டு எழுதிற ஒரு பழக்கம் கூடிக்கொண்டு வருகுது. எழுதுகிற கனபேர் நல்ல எண்ணத்தோட தான் எழுதுகினம். ஆனா எந்தச் சொல்லைக் கையில எடுக்கிறம் எண்டு பாக்க வேணும். 1948இல் மலையகத் தமிழரின்ர குடியுரிமையைப் பறிச்ச சட்டத்துக்குப் பின்னால நிண்டது இதே மண் கதை தான். கள்ளத்தோணி எண்ட சொல்லை எங்கட அப்பா அம்மாக்களின்ர தலைமுறை காதால கேட்டது. இங்க எங்களைப் பார்த்து, வந்த இடத்துக்கே போ எண்டு கத்துகிறவனுக்கும் தூய காடு, தூய நாடு எல்லாம் நல்லாப் பிடிக்கும். செஸ்நட்டைக் கொன்ற பங்கசு ஆசியாவிலயிருந்து வந்தது உண்மை. கொண்டுவந்தது நாற்று வியாபாரம். மரம் எங்கயிருந்து வந்தது எண்டதை விட, ஆர் நட்டவை, எத்தனை ஆயிரம் ஏக்கரில, ஆரின்ர தண்ணியை எடுத்து, ஆரை எழுப்பிப்போட்டு எண்டு கேட்டால், பிரேசில் பெண்களுக்கும் புதுக்கோட்டை விவசாயிக்கும் விளங்குகிற பாசையில அறிக்கை இருக்கும்.

தடை கேட்கிறது மிகையான கோரிக்கை எண்டு நினைக்கிற தோழர்களுக்கு: இது புதுசில்லை. உயிரியல் பல்வகைமை உடன்படிக்கையின் நாடுகள் 2008இல் பொன் நகரத்தில் கூடினபோது, இந்த மரங்கள் விசயத்தில முன்னெச்சரிக்கையோட நடக்க வேணும் எண்டு மீண்டும் உறுதி செய்தார்கள். மரப் பொருட்களுக்குச் சான்றிதழ் குடுக்கிற எஃப்.எஸ்.சி. அமைப்பு மரபணு மாற்றிய மரங்களை வணிகத்துக்குப் பாவிக்க விடுறேல்லை. அதைத் தளர்த்தலாமா எண்டு தொடங்கின ஒரு முயற்சியை, எதிர்ப்பு வந்தபடியால், 2023இல் நிப்பாட்டினது. சுசானோ இவ்வளவு அனுமதி எடுத்தும் பெருந்தோட்டமா நடாமல் தயங்கிறதுக்கு இந்தச் சான்றிதழும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறன். வெளியில இருந்து குடுக்கிற அழுத்தம் வேலை செய்யுது. ரொறொன்ரோவிலயும் லண்டனிலயும் ஒஸ்லோவிலயும் அந்தத் தாளை வாங்குகிற நாங்கள் குடுக்கக்கூடிய அழுத்தமும் அது தான்.

என்ர பக்கத்தால ஒண்டைச் சொல்ல வேணும். எங்கட ஆய்வுகூடத்தின்ர ஆராய்ச்சிக்கு ஒரு பகுதிக் காசு மரத்தொழில் கம்பனி ஒண்டிலயிருந்து வருகுது. அறிக்கையில குழுவின்ர பேர் மட்டும் வரும் எண்டாலும், இந்தத் தலையங்கத்தை எழுதினது ஆர் எண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. ஆய்வுகூடத்தைப் பூட்ட வேணும் எண்டு நான் கேட்கேல்லை, அறிக்கையும் கேட்கேல்லை. கிண்ணத்துக்குள்ள மரபணு வைச்சுப் பார்க்கிறதால தான் மரம் எப்பிடி வளருது, எப்பிடி நோயைத் தாங்குது எண்டு எங்களுக்குத் தெரியும். கிண்ணத்துக்கும் காட்டுக்கும் நடுவில ஒரு கதவு இருக்கு. அதின்ர திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டது தான் கேள்வி, இண்டைக்கு அது கூழ்க் கம்பனியிட்டயும் காபன் வியாபாரியிட்டயும் இருக்கு.

அதால அறிக்கையை எழுதினவைக்கு நாங்கள் அனுப்ப யோசிக்கிற திருத்தம் இப்பிடி: தூய்மை பற்றின வசனங்களை எடுத்திட்டு, அந்த இடத்தில நில உரிமையையும் பழங்குடிகளின்ர முன்கூட்டிய சம்மதத்தையும் வைக்கிறது. மரபணு மாற்றினதோ மாற்றாததோ, ஒற்றை மரப் பெருந்தோட்டங்களுக்கு நிலம் பறிக்கிறதையும் சேர்த்துக் கண்டிக்கிறது. களைகொல்லி அடிக்கிற தொழிலாளர்களைப் பற்றி அறிக்கையில ஒரு சொல்லும் இல்லை, அவையைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இதில எங்களுக்குள்ள பெரிய பிரச்சினை இல்லை.

இழுபறி "எந்த மரத்தையும்" எண்ட ஒரு சொல்லில. எங்கட தோழர் ஒருவர் கேட்கிறார்: கம்பனி இல்லை, காப்புரிமை இல்லை, அந்த நிலத்து மக்களே கூடி, எங்களுக்கு எங்கட செஸ்நட் திரும்ப வேணும், இந்தக் கோதுமை மரபணுவோட எண்டாலும் பரவாயில்லை எண்டு முடிவெடுத்தால், இங்க இருந்துகொண்டு வேண்டாம் எண்டு சொல்ல நாங்கள் ஆர்? நியாயமான கேள்வி. அப்பிடி ஒரு நாள் வந்தால் நான் அந்த மக்களோட நிப்பன். ஆனா இண்டைக்கு ஒரு விதிவிலக்கை எழுதி வைச்சால், அந்த ஓட்டைக்குள்ளால முதல் வருகிறது சுசானோவின்ர வழக்கறிஞரா இருப்பார் எண்டது என்ர கணக்கு. துவக்கால சுட்ட பொப்ளார் எந்த ஓட்டையால வந்தது எண்டு மேலே பார்த்தம் தானே. அதால, மக்கள் கையில திறப்பு வரும்வரை எந்த மரத்தையும் வெளியில விடவேண்டாம் எண்டு காலத்தோட கட்டி எழுதலாம் எண்டது நான் வைக்கிற வசனம். அந்தத் தோழருக்கு இது போதாது, "காப்புரிமை உள்ள எந்த மரத்தையும்" எண்டு மாத்தச் சொல்லுறார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில இந்த ரெண்டு வசனத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாக்கெடுக்கிறம். வர ஏலாத ஆக்கள் சனிக்கிழமை இரவுக்கு முதல், எந்த வசனம், ஏன் எண்டு ரெண்டு வரி இந்த மடலுக்கே பதிலா எழுதி விடுங்கோ. தமிழில எழுதக் கஷ்டமெண்டால் வாய்ப்பேச்சாப் பதிஞ்சு அனுப்பினாலும் சரி.